படிப்பை விட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பலாமா?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து, அதாவது ஆற்றுப் பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரிலிருந்து, 20 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அரசுப் பள்ளியில் படித்தவர். இப்போது பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு 8 மா நிலம் (மூன்று மா சுமார் ஓர் ஏக்கர்), பெரும்பாலும் சம்பா மட்டும்தான். சில மாதங்களுக்கு முன் கல்லூரியிலிருந்து தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பூ விற்கும் ஒரு பாட்டி உள்ளே வந்து, சுவரின் அடியில் இருந்த சின்னச் சிற்பம் ஒன்றைக் காட்டி, "இது சுந்தரர், முதலை வாயிலேருந்து புள்ளைய மீட்டுக் குடுக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். சோழர் வரலாற்றுத் தாளில் 78 மதிப்பெண் வாங்கிய நம் மாணவிக்கு அது தெரியவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் உட்காரவே பிடிக்கவில்லை. "படித்ததெல்லாம் பரீட்சைக்குத்தான், வாழ்க்கைக்கு இல்லை. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார்கூடப் படிப்பைத் தூக்கியெறிந்துவிட்டுத்தானே மக்களிடம் போனார்?" என்று கேட்கிறார்.

சமூக வலைதளத்தில் அறிமுகமான ஒரு குழு, 'ஓராண்டு அனுபவப் பயணம்' என்று இந்தியா முழுக்க அழைத்துப் போவதாகச் சொல்கிறது. முதல் தவணை 45,000 ரூபாய். அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத் தரத் தயார். அப்பாவோ, "மொதல்ல படிப்ப முடி. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் எங்க வேணா போ" என்கிறார். 18 வயது முடிந்த தன்னை அப்பா தடுக்க முடியுமா, விட்ட படிப்பைப் பிறகு தொலைநிலைக் கல்வியில் முடித்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். கடிதத்தின் கடைசியில், சில வாரங்களாகத் தூக்கம் சரியில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியை விடாதீர்கள். அந்தக் குழுவுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆனால் பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம், கல்யாணம் வரைக்கும் நிச்சயமாக வேண்டாம். அதை இந்த மாதமே தொடங்கலாம், உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்தே. ஊர் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசையில் ஒரு தவறும் இல்லை. வகுப்பில் படித்ததற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் நடுவே ஏதோ அறுந்துகிடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியதும் சரிதான். அது ஏன் அறுந்தது என்று நீங்கள் போட்ட கணக்குதான் தவறிவிட்டது.

பாட்டிக்கு எப்படித் தெரிந்தது?

தாராசுரம் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராஜராஜன், 12-ஆம் நூற்றாண்டு. உங்கள் நோட்ஸில் இருந்தது இந்த ஒரு வரிதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு முந்தைய அரசன் இரண்டாம் குலோத்துங்கன். சேக்கிழார் நாயன்மார் வரலாற்றைப் பெரிய புராணமாகப் பாடியது அவன் காலத்தில். அடுத்த ஆட்சியிலேயே அந்தக் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாக, குனிந்தால்தான் கண்ணில் படும் அளவுக்குச் சின்னச் சின்னச் சிற்பங்கள். எது யாருடைய கதை என்று கல்லிலேயே பெயரும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நூல் எழுதப்பட்டுச் சில பத்தாண்டுகளுக்குள் சிற்பமாக மாறியதை அங்கே கண்முன்னால் பார்க்கலாம். இப்படி இன்னோர் இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பாட்டிக்கு முதலைக் கதை எங்கிருந்து வந்திருக்கும்? கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கலாம், அவருடைய அம்மா சொல்லியிருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் அது ஒரு நூல்தான். காது வழியாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு நூலும் தெரியும், அந்தச் சுவரோடு அன்றாடப் பழக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால்தான் அன்றைக்கு உங்களுக்குக் காட்ட முடிந்தது. உங்களிடம் இருந்தது நூல்கூட இல்லை, தேர்வுக்கான குறிப்பு. நீங்கள் புத்தகத்தின் மீது கோபப்படுவதாக நினைக்கிறீர்கள். நீங்கள் இன்னும் புத்தகத்தைச் சரியாகத் திறக்கவே இல்லை என்பது என் எண்ணம். கடுமையாகப் பட்டால் மன்னியுங்கள். உங்களைப் போன்ற மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான், இதில் உங்கள் குற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தாராசுரத்துக்கு அழைத்துப் போகும் முன்பு வகுப்பில் அந்தக் கதைகளில் நான்கையாவது யாராவது படித்துக் காட்டியிருந்தால் நீங்கள் அன்று வேறு மாதிரி வீடு திரும்பியிருப்பீர்கள்.

நம்மாழ்வாரை நீங்கள் உதாரணம் காட்டியது பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் முடித்தார். கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே செய்யும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் 1969-இல் வேலையை விட்டார். வேலையை விட்டார், படிப்பை விடவில்லை. ரசாயன உரம் மண்ணை என்ன செய்கிறது என்று பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது அந்தப் படிப்பும் அவரோடு கூடவே போனது. துறையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதாலும்தான் அவர் பேச்சுக்கு அந்தக் கனம் இருந்தது.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் உ.வே.சாமிநாதையர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த பிறகு, அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. பிரதியை வாங்கிப் படிக்கத் தொடங்கினால் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே கும்பகோணத்தில் இருந்த ஜைனர் வீடுகளைத் தேடிப் போய், அவர்கள் வழக்கங்களை, அவர்கள் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு கழித்து 1887-இல் நூல் அச்சில் வந்தது. ஏடு தேடி அவர் ஊர் ஊராக அலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அலைச்சல் தொடங்கியதே நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய், "எனக்கு இது புரியவில்லை, சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்டதில்தான். நூலைப் படித்ததால் கேள்வி வந்தது. கேள்வி இருந்ததால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தது. கேட்டுவிட்டு மறுபடி ஏட்டுக்கு வந்தார். நீங்கள் பழக வேண்டியது இந்தப் போக்குவரத்தைத்தான்.

பணம், சான்றிதழ், சட்டம்

அப்பா தடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். 18 வயது முடிந்தவர் சட்டப்படி முழு வயதினர், எங்கே போவது என்பது உங்கள் முடிவு. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் சட்டத்தைக் காட்டிப் பேசி ஜெயித்தால், அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அதே வீட்டில் சோறு சாப்பிட வேண்டும். அந்த ஆயுதத்தை எடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு இன்னும் வரவில்லை. அப்பா உங்கள் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, முடிக்கத்தான் சொல்கிறார். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைப்பதாகச் சொல்லியிருந்தால் நான் எழுதும் பதிலே வேறாக இருந்திருக்கும்.

அந்தக் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அசல் சான்றிதழ் விஷயம். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமே மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கே இல்லாத உரிமை ஒரு பயணக் குழுவுக்கு எப்படி வரும்? அவர்களுக்கு அலுவலகம் எங்கே, எந்தப் பெயரில் பதிவு, பெண்கள் தங்க என்ன ஏற்பாடு, பாதியில் திரும்பினால் பணம் கிடைக்குமா என்று நீங்கள் கேட்டதற்கு, "நம்பிக்கைதான் முதல் பாடம்" என்று பதில் வந்ததாம். 45,000 ரூபாய் வாங்குகிறவர் ரசீதும் விதிமுறையும் தர வேண்டும். அம்மாவின் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாமா என்றால், முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். அது மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் உங்கள் விஷயத்தில் இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இதுவரை எழுதி முடித்த பருவங்களை இன்னொரு பல்கலைக்கழகம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளக் கூடாது, அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் உங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இடைநில்லாமல் படிப்பவர்களுக்கான உதவி அது, கல்லூரியை விட்டால் நின்றுவிடும். நீங்கள் கடிதத்தில் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த ஆயிரம்தான் உங்கள் பயணப் பணம் என்று நான் சொல்லப்போகிறேன்.

வருகையையும் கவனியுங்கள். வகுப்புக்குப் போகாமல் இருந்த நாட்கள் கூடிக்கொண்டே போனால், நீங்கள் முடிவு எடுப்பதற்கு முன்பே தேர்வு எழுத முடியாமல் போகும். பெரும்பாலான இடங்களில் 75 விழுக்காடு கேட்பார்கள். உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்று துறையில் நாளைக்கே கேட்டுவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்லூரிக்குப் போகவும் வரவும் மட்டும் நீங்கள் அதைப் பயன்படுத்துகிறீர்கள். டெல்டாவில் இந்தப் பேருந்துகள் பத்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாறி ஏறினால் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று ஒரு சனிக்கிழமை பாருங்கள். மெதுவாகத்தான் போகும். களத்துக்குப் போகிறவர்கள், சந்தைக்குக் கூடை கொண்டுபோகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிகள் எல்லோரும் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். வரலாறு படிக்கிறவருக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. விரைவுப் பேருந்து ஏற வேண்டிய இடங்களுக்கு மட்டும் அந்த ஆயிரத்தை எடுங்கள்.

எதைத் தேடிப் போவது? உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தேடிப் போங்கள். "எனக்கு எந்த அனுபவமும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கடைமடைக்காரர். சேடை ஓட்டிய வயலில் நாற்று முடி சுமந்திருக்கிறீர்கள், தண்ணீர் வராத ஆண்டில் அப்பா ராத்திரி மடையடியில் காவல் கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். சென்னையில் உட்கார்ந்து காவிரிப் பிரச்சினையைப் பாடமாகப் படிக்கும் மாணவருக்கு இது வாய்க்காது. உங்களுக்கு இல்லாதது அந்த அனுபவத்தை வைத்துப் பார்க்கப் புத்தகம்.

ஆகவே முதலில் படியுங்கள். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. இவையெல்லாம் உங்களுக்குப் பரீட்சைக் கேள்விகளாகத் தெரிந்திருக்கும். இப்போது அப்பாவிடம் போய், "ஜூன் 12 தொறந்தா நம்ம வாய்க்காலுக்கு எப்போப்பா தண்ணி வரும்? எந்த வருஷம் வரவே இல்ல?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் படித்தது, வலப்பக்கம் கேட்டதும் பார்த்ததும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த பயணம் அந்தக் கோட்டிலிருந்து கிளம்பும்.

அப்புறம் தண்ணீர் வந்த வழியே எதிர்த்திசையில் போங்கள். உங்கள் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, அந்த ஆறு எங்கிருந்து பிரிகிறது? ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்புக்குப் போய் நில்லுங்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் முறை, யார் வந்து சண்டை போடுவார்கள், மதகு எந்த ஆண்டு கட்டியது என்று அவருக்குத் தெரிந்தது பல அறிக்கைகளில் இருக்காது. அங்கிருந்து ஒரு நாள் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

கல்லணையில் நிற்கும்போது ஆர்தர் காட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் படித்துவிட்டு வந்த வெள்ளைக்கார அதிகாரி. அடி காணாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பது அவருக்குத் தலைவலியாக இருந்தது. மணலில் பெருங்கற்களைப் புதையப் புதையப் போட்டுப் படுக்கவைத்த கல்லணையின் கட்டுமானத்தைப் பார்த்துத்தான் அந்த வித்தையைத் தாம் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டி முடித்ததும் அவர்தான். கல்லணையைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அது தன் கேள்விக்குப் பதில் என்று அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் கேள்வியோடு வந்ததுதான். கேள்வி இல்லாமல் ஓராண்டு இந்தியா முழுக்கச் சுற்றினாலும் உங்கள் கைப்பேசியில் படங்கள் சேரும், அதற்கு மேல் எதுவும் சேருமா என்று எனக்குச் சந்தேகம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். அடுத்த தடவை ஒரு வேலையோடு போங்கள். முதலாம் இராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த பெண்களை, தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து வீடு கொடுத்துக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும், எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும் கல்வெட்டாக இருக்கின்றன. பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பெரிய நூலகங்களில் கேட்டால் கிடைக்கும். முதலில் அதைப் படித்து, திருவாரூரிலிருந்து வந்தவர்களின் பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போய்ச் சுவரில் தேடுங்கள். எழுத்து முதலில் பிடிபடாது. ஒரு பெயரைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் உங்கள் மாவட்டத்திலிருந்து புறப்பட்டுப் போன ஒரு பெண்ணின் பெயரை நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால், அதற்கப்புறம் வரலாறு வகுப்பு உங்களுக்கு முன்போல இருக்காது.

அந்தக் கல்வெட்டில் ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று இருக்கிறது. ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால் அளந்து தர வேண்டும். சரி, 100 கலம் என்றால் எவ்வளவு? புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் ஆத்தாவிடம் கேளுங்கள். அவர் காலத்தில் 12 மரக்கால் ஒரு கலம் என்று களத்தில் அளந்தே கூலி போட்டிருப்பார்கள். ராஜராஜன் காலத்து மரக்காலும் ஆத்தா வீட்டு மரக்காலும் ஒரே அளவா என்பது திறந்த கேள்வி, அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இன்றைக்கு அப்பா கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் போடுகிறார். மூன்று அளவுகளையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் மூன்றாம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு அங்கேயே இருக்கிறது, வேண்டுமானால் துறைத் தலைவரிடம் காட்டிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, சுவாமிமலை. சிற்பச் செய்நூல்கள் ஒரு திருமேனியில் முகம் இத்தனை பங்கு, கை இத்தனை பங்கு என்று கணக்குச் சொல்லும். ஸ்தபதி என்ன செய்வார் தெரியுமா? தென்னங்கீற்றில் ஒரு நறுக்கை எடுத்து, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்வார். மெழுகில் உருவம் பிடிக்கும்போது அந்த ஓலைதான் அளவுகோல். சாஸ்திரம் முழுவதும் ஒரு ஓலை மடிப்புக்குள் வந்துவிடுகிறது. பட்டறைக்குள் போகும் முன் அனுமதி கேளுங்கள், உலை காயும் நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். காலையில் மெழுகு வேலை நடக்கும்போது பேசினால் அவர்களும் பேசுவார்கள்.

தூரப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பருவ விடுமுறைகளில் போங்கள். கல்விச் சுற்றுலாவுக்கு ரயில்வேயில் மாணவர் சலுகை உண்டு, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் முடித்த பிறகு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. ஊர் ஊராகப் போவதே வேலையாக இருக்கும் துறை உங்களுடையது. அதற்குள் நுழையும் வாசலில் கேட்பது நீங்கள் இப்போது விட நினைக்கும் அதே பட்டத்தைத்தான்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது

அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும்போது பேசாதீர்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, ராத்திரி மழை பெய்துவிடுமோ என்று மனிதர் தவித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எது கேட்டாலும் பதில் ஒன்றுதான். பணம் கைக்கு வந்து, கடன் அடைத்து, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு பேசுங்கள்.

பேசும்போது அனுமதி கேட்பதற்குப் பதில் அவரையும் அழையுங்கள். "அப்பா, நம்ம தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்கப் போறேன், கல்லணைக்கு நீங்களும் வாங்க." ஆற்றில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வரத்தைச் சொல்லக்கூடிய ஆளாக அவர் இருந்தாலும் இருக்கலாம். அப்படி எத்தனையோ அப்பாக்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், மகள் கேட்டதே இல்லை என்பதால் சொல்லாமல் இருப்பவர்கள். நீங்கள் நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதினால் அவருக்கு உங்கள் படிப்பும் பயணமும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். "கல்யாணத்துக்கு அப்பறம்" என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது, பெண் தனியாகப் போனால் என்ன ஆகுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு வாதம் மருந்தாகாது, ஏற்பாடுதான் ஆகும். முதல் சில பயணங்களில் ஒரு தோழியோடு போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். எந்தப் பேருந்து, எங்கே மாறுவது என்று தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கைப்பேசியில் இருக்குமிடத்தை அம்மாவுக்குப் பகிருங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. சொன்ன நேரத்துக்கு நான்கு தடவை திரும்பி வந்துவிட்டீர்கள் என்றால் ஐந்தாவது தடவை கேள்வியின் சுருதி குறையும்.

தூக்கம் பற்றி

ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், நான் அப்படிக் கடந்துவிட முடியாது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வகுப்பும் பிடிக்காமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று தோன்றினால், அதில் ஒரு பகுதி பயண ஆசையாக இருக்கலாம், இன்னொரு பகுதி மனச்சோர்வாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரில் ஒருவரிடம் பேச வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சோர்வில் இருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகள் பல, சோர்வு நீங்கிய பிறகு நமக்கே அந்நியமாகத் தெரியும். அதனால் தூக்கம் சரியாகும் வரை கல்லூரி பற்றிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்தக் குழுவுக்கு "சேரவில்லை" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். சான்றிதழ் நகல்களோ ஆதார் எண்ணோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் அவற்றை நீக்கும்படி அதே செய்தியில் கேளுங்கள். பணம் ஏதாவது போயிருந்து, அவர்கள் திருப்பித் தர மறுத்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தாமதிக்காமல் புகார் செய்யுங்கள். நான் சொன்னபடி ஒரு பருவம் முழுவதும் நோட்டும் பேருந்துமாக இருந்து பாருங்கள். அப்போதும் கல்லூரியை விட வேண்டும் என்றே தோன்றினால், எழுதிய பருவங்களுக்கு என்ன ஆகும், திரும்பிச் சேர எத்தனை ஆண்டு அவகாசம் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தப் பதிலோடு சேர்ந்து பேசுவோம்.